நாலு ஊர்ச் சீட்டு

கப்பஸ்கேசிங் காகித ஆலைக்கு
இரண்டாம் ஷிஃப்ட் போகுமுன்
ஒவீலா ட்ரூவேன் என் கடைக்கு வருவார்.
பூட்ஸ் பனியைப்
பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் உதறுவார்,
ஆயிரம் முறை சொல்லியாயிற்று.

அந்நாளில் சட்டம் இது:
ஒரே ஆட்டத்தின்மேல் பணம் கட்டினால் குற்றம்.
மூன்றையாவது கோத்துக் கட்டினால்
அரசாங்கமே கை நீட்டி வாங்கும்,
சீட்டின் அடியில் நன்றி என்று அச்சடித்தும் தரும்.
ஒன்றை நம்புகிறவன் சூதாடி.
மூன்றை நம்புகிறவன் நல்ல குடிமகன்.

ஒவீலாவுக்கு எப்போதும் ஒன்று தெரியும்.
யாரோ ஒரு கோலியின் இடுப்புச் சுளுக்கு,
டென்வரில் இரவெல்லாம் நின்றுபோன விமானம்,
புது மட்டையோடு ஒத்துப்போகாத ஒருவனின் மணிக்கட்டு
இதெல்லாம் அவருக்கு எப்படி எட்டும் என்று
நான் கேட்டதில்லை.
பென்சில் முனையை நாக்கில் தொட்டு
அந்த ஒரு வட்டத்தை
மறுபக்கம் தெரிய அழுத்திக் கறுப்பாக்குவார்.
மற்ற இரண்டையும் லேசாக,
கடன் கொடுத்தவனுக்கு வணக்கம் வைப்பதுபோல.

நாலாவதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை.
'மூன்றென்றால் பதினாறு டாலர், ஜினேத்,
நாலென்றால் முப்பத்திரண்டு.
ஒரு வட்டம்தானே?'

நான் கல்லாவில் இருப்பவள்,
எனக்குக் கணக்கு வேறு மாதிரி வரும்:
அரையில் அரை கால்.
காலில் அரை அரைக்கால்.
அரைக்காலில் அரை வீசம்.
அந்த வீசத்தை எட்டாக மடித்து
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு
அவர் ஆலைக்குப் போவார்.

வாரா வாரம் இதே கதை.
தெரிந்த ஒன்று வரும்.
தெரியாத மூன்றில் ஏதாவது ஒன்று
கவிழ்க்கும்.

ஒரு பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
கதவைப் பூட்டிக் குப்பை மூட்டையோடு வெளியே வந்தால்
அவருடைய டிரக், எஞ்சின் ஓட,
கண்ணாடியெல்லாம் மூச்சு.
ஜன்னல் இரண்டு விரல் இறங்கியது.
'மாண்ட்ரியல் வந்துவிட்டது. பஃபலோ வந்துவிட்டது.
கல்கரிகூட வந்துவிட்டது.'
கல்கரியைச் சொல்லும்போது
யாரோ தவறாக அவர் வீட்டில் பார்சல் வைத்துவிட்டுப் போனதுபோல்
குரல் தாழ்ந்தது.
மிச்சம் வான்கூவர்.
மறுபக்கம் தெரிய அழுத்திய வட்டம்.

நான் ஏறி உட்கார்ந்தேன், மூட்டை மடியில்.
இரண்டுக்கு ஒன்று, ஒரு நிமிஷம் பாக்கி.
எதிரணி தன் கோலியையே வெளியே கூப்பிட்டுக்கொண்டது.
காவல் இல்லாத வலை,
நடுவே வெறும் பனி.
வான்கூவர்க்காரன் ஒருவன் தன் எல்லையிலிருந்தே
வட்டைத் தள்ளிவிட்டான்.
அது போகிறது, போகிறது என்றது ரேடியோ.
இரைச்சல்.
பிறகு ணங் என்று ஒரு சத்தம்,
கம்பத்துக்கு மட்டுமே உரிய சத்தம்.

நாலு விநாடி இருக்கையில் இரண்டுக்கு இரண்டு.
அப்போதெல்லாம் சமன் என்று ஒன்று இருந்தது,
யாரும் தோற்காமல் எல்லாரும் வீட்டுக்குப் போவது.
கூடுதல் ஐந்து நிமிஷமும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒவீலா சிரித்தார் என்று சொன்னால்
நீங்கள் நம்பமாட்டீர்கள்.
'கல்கரி வந்ததே' என்றார்.
மறுபடியும், 'கல்கரி!'

பல வருஷம் கழித்துச் சட்டம் மாறியது.
ஆலையிலிருந்து ஓய்வு, முழங்காலில் உலோகம்,
ஆனாலும் வந்தார், பனியை அங்கேயே உதறினார்.
இனி ஒன்றை மட்டும் கட்டலாம், ஒவீலா,
உங்களுக்குத்தான் எப்போதும் ஒன்று தெரியுமே என்றேன்.
பென்சிலை நாக்கில் தொட்டார்.
வெகுநேரம் தொட்டபடியே நின்றார்.
'ஒன்று மட்டுமா?
தோற்றால் யாரைத் திட்டுவது?'

ஒரு வட்டத்தை அழுத்தினார்.
இரண்டை லேசாக.
பிறகு நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு
கல்கரி.